ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி வர வேண்டும்

சென்ற மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில், நானும் நண்பர் ஒருவரும் நான்கு மீட்டர் நீளமுள்ள ஃபைபர் படகு ஒன்றில் உட்கார்ந்து, அதன் பின்புறம் பொருத்தியிருந்த 40 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினை முழுவதும் முறுக்கிவிட்டு, ஓர் ஏரியின் நீளவாக்கில் ஒரு கிலோமீட்டர் தூரம் விரைந்தோம். நாங்கள் முறியடிக்க நினைத்தது வேறு யாருடைய சாதனையையும் அல்ல. அதே படகில் முந்தைய ஆண்டு நாங்களே எட்டியிருந்த மணிக்கு 49 கி.மீ. என்ற வேகத்தைத்தான். காற்று முதுகுப் பக்கமாக வீசியதால், போகும்போது கைப்பேசியின் ஜி.பி.எஸ். 53 என்று காட்டியது. நண்பர் கூச்சலிட்டுக் கொண்டாடினார். உலகச் சாதனைக்கு விதித்திருக்கும் அதே நிபந்தனையை எங்களுக்கும் விதித்துக்கொண்டிருந்தோம் என்பதை அந்த மகிழ்ச்சியில் அவர் மறந்துவிட்டார்: அதே தூரத்தை எதிர்த் திசையில் மறுபடியும் கடக்க வேண்டும், இரண்டு வேகங்களின் சராசரியே கணக்கில் சேரும்.

கிலோமீட்டரின் முடிவில் வேகத்தைக் குறைத்து, உடனே வளைத்துத் திருப்பினோம். திரும்பிய அரை நிமிடத்தில் எங்கள் படகு தானே கிளப்பிவிட்டிருந்த அலைகளின்மேல் ஏறியது. தண்ணீர் மெத்தென்றிருக்கும் என்று நம்புகிறவர்கள் ஒரு முறை அப்படிப்பட்ட படகில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு அலையும் கருங்கல்லைப் போல அடிப்பலகையில் மோதியது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நண்பர் விசையைத் தளர்த்திவிட்டார். திரும்பும் ஓட்டத்தின் வேகம் 44. சராசரி 48.5. அரை கிலோமீட்டர் வேகத்தில் தோற்றோம்.

அன்று மாலையிலிருந்து, நீரில் வேகச் சாதனை படைக்க முயன்றவர்களின் வரலாற்றை வேறொரு கண்ணோட்டத்தில் படிக்கத் தொடங்கினேன். எந்த எஞ்சின், எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு வேகம் என்றே இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தவன், இப்போது ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரே கேள்வியைக் கேட்கிறேன்: இவர் திரும்பி வந்தது எப்படி?

விதி எளிமையானது. அளந்து குறித்த தூரத்தை இரண்டு எதிர்த் திசைகளிலும் ஒரு மணி நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். இரண்டின் சராசரிதான் சாதனை. காற்றோ நீரோட்டமோ ஒரு திசையில் கொடுத்த உதவியை மறு திசையில் பிடுங்கிக்கொள்ளட்டும் என்பதற்கான ஏற்பாடு இது. நிலத்தில் ஓடும் சாதனைக் கார்களுக்கும் இதே விதி உண்டு. ஆனால் உப்புப் பாலைவனத்தில் ஓடிய கார் திரும்பி வரும்போது அங்கே கிடப்பது தரைதான். போன படகு திரும்பி வரும்போது இருப்பது அது போன தண்ணீர் அல்ல. அது கலைத்துவிட்டுப் போன தண்ணீர்.

இதன் இயற்பியலைச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும். தண்ணீர் காற்றைப்போல ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. ஆகவே வேகம் வேண்டுமென்றால் படகு தண்ணீரில் அமிழாமல் அதன்மேல் சறுக்க வேண்டும். சாதனைப் படகுகள் பெரும்பாலும் மூன்று புள்ளி ஹைட்ரோபிளேன் வகையைச் சேர்ந்தவை: முன்பக்கத்தில் இரு புறமும் ஒவ்வொரு மிதவை, பின்பக்கத்தில் அடிப்பகுதியின் ஒரு சிறு பரப்பு, இந்த மூன்று இடங்கள் மட்டுமே நீரைத் தொடும். உச்ச வேகத்தில் அந்தத் தொடுதலும் மிகச் சொற்பமாகிவிடுகிறது. அப்போது படகைத் தாங்குவதில் காற்றுக்கும் பெரும்பங்கு வந்துவிடுகிறது. கடலோடிகள் அணியம் என்று சொல்லும் முன்முனை சில டிகிரி கூடுதலாக உயர்ந்தாலும், அடியில் புகும் காற்று அதை மேலும் உயர்த்தும். உயர்ந்ததால் இன்னும் காற்று புகும். ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் அது படகல்ல, இறக்கை சரியில்லாத விமானம். அந்த எல்லையைத் தாண்டவைக்க ஒரு சிறிய அலை போதும்.

அந்த அலை எங்கிருந்து வருகிறது என்பதுதான் வேடிக்கை. முழு வேகத்தில் சறுக்கும் படகு அதிக அலையைக் கிளப்புவதில்லை. ஓட்டம் முடிந்து வேகம் குறையும்போது, மேலே நின்ற உடல் மறுபடியும் நீரில் அமிழ்கிறது. பெரிய அலைகள் பிறப்பது அந்த நேரத்தில்தான். எங்கள் ஃபைபர் படகில் நடந்ததும் அதுவே: எங்களை அடித்த அலைகளில் பெரும்பாலானவை நாங்கள் வளைத்துத் திரும்பியபோது எழுந்தவை. அவை கரைக்குப் போய், கரையில் மோதி, மறுபடியும் நடுவே வரும். நீண்டு குறுகிய ஏரிதான் சாதனைக்கு ஏற்றது, ஏனெனில் காற்று பெரிய அலை எழுப்ப அங்கே அகலம் இல்லை. ஆனால் அதே குறுகலால், படகின் சொந்த அலைகள் வெகுவிரைவில் திரும்பி வந்துவிடுகின்றன. ஆகவே ஓட்டுநருக்கு இரண்டே வழிகள் உண்டு. கரைக்குப் போன அலைகள் திரும்புவதற்குள் பாய்ந்து வந்துவிட வேண்டும். இல்லையேல் எல்லாம் அடங்கும்வரை, அந்த ஒரு மணி நேரக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் புறப்படுகிறவர் மிக மோசமான நீரில் மாட்டிக்கொள்வார். (கண்ணாடியைப் போன்ற அசைவற்ற நீர்தான் எல்லோரும் வேண்டுவது என்று நான் நினைத்திருந்தேன். அதுவும் தவறு. மெல்லிய சிற்றலை இருந்தால் அடிப்பலகைக்குக் கீழே காற்று நுழைந்து, நீர் படகைப் பிடித்து உறிஞ்சும் பிடியைத் தளர்த்துகிறது.)

சர் ஹென்றி செக்ரேவ் திரும்பி வந்தவர்தான். 1930 ஜூன் 13 அன்று இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியில், ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின்கள் இரண்டைப் பொருத்திய 'மிஸ் இங்கிலாந்து 2' என்ற படகில் இரண்டு திசைகளிலும் ஓடி, மணிக்கு 98.76 மைல், அதாவது ஏறத்தாழ 159 கி.மீ. என்ற சாதனையை நிறுவிவிட்டார். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். இன்னும் விரைவாக முடியும் என்று மூன்றாம் முறை புறப்பட்டார். நீரில் மிதந்த மரத்துண்டு ஒன்றில் படகு மோதியதாகக் கருதப்படுகிறது. படகு கவிழ்ந்தது, உடனிருந்த பொறியாளர் விக்டர் ஹாலிவெல் இறந்தார், செக்ரேவ், தாம் சாதனையை முறியடித்துவிட்ட செய்தியைக் கேட்டறிந்த பிறகு, அன்றைக்கே காலமானார்.

ஜான் காப் திரும்பவே இல்லை. நிலத்தில் உலகிலேயே வேகமான மனிதராக அப்போது இருந்த அவர், 1952 செப்டம்பர் 29 அன்று ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் 'குரூசேடர்' என்ற ஜெட் படகை ஓட்டினார். அளந்த தூரத்தை மணிக்கு 206.89 மைல் (சுமார் 333 கி.மீ.) வேகத்தில் கடந்தார், அதுவரை நீரில் யாரும் அந்த வேகத்தைத் தொட்டதில்லை. ஆனால் படகு அலைகளில் குதித்துச் சிதறியது, காப் உயிரிழந்தார். துணைக்கு வந்த படகு ஒன்று கிளப்பிய அலைகளே காரணம் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். திரும்பும் ஓட்டம் இல்லாததால் அந்த 206.89 சாதனைப் பட்டியலில் ஏறவில்லை. விதி கொடூரமாகத் தோன்றும் இடம் இது. ஆனாலும் விதி சரியானது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இந்தக் கதையில் நான் அதிக நேரம் செலவிட்டது டொனால்ட் கேம்ப்பெல் என்பவரிடம். அவருடைய தந்தை சர் மால்கம் கேம்ப்பெல் நிலத்திலும் நீரிலும் சாதனைகள் படைத்தவர். மகன் 1955 முதல் 1964 வரை 'புளூபேர்டு கே7' என்ற ஒரே ஜெட் படகில் ஏழு முறை உலகச் சாதனையை உயர்த்தினார். பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக உயர்த்திய நிதானக்காரர் என்று அவரைப் பற்றி ஒரு பிம்பம் உண்டு. 1956 செப்டம்பரில் இங்கிலாந்தின் கானிஸ்டன் ஏரியில் அவர் ஓடிய இரண்டு ஓட்டங்களின் எண்களைப் பார்த்தால் அந்தப் பிம்பம் ஆட்டம் காணும். போகும்போது மணிக்கு 286.78 மைல், திரும்பும்போது 164.48 மைல். கிலோமீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 461, 265. சராசரி 225.63 மைல், அதாவது 363 கி.மீ., புதிய சாதனையாகப் பதிவாயிற்று. அந்த ஆண்டில் பட்டியலைப் பார்த்தவர்கள் 225 என்ற எண்ணைத்தான் கண்டிருப்பார்கள். அந்த எண் எந்த ஓட்டத்திலும் அந்தப் படகு ஓடிய வேகம் அல்ல. ஒரு பயங்கரமான பாய்ச்சலையும், எச்சரிக்கையான ஒரு திரும்புதலையும் கூட்டி இரண்டால் வகுத்த எண் அது. எங்கள் 53-க்கும் 44-க்கும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

1964-இல் ஆஸ்திரேலியாவின் லேக் அயரில் நிலச் சாதனையை முடித்த கேம்ப்பெல், அதே ஆண்டுக்குள் நீர்ச் சாதனையையும் முடித்துவிட விரும்பினார். மேற்கு ஆஸ்திரேலியாவின் டம்பிள்யங் ஏரிக்குப் போய், காற்று அடங்குவதற்காகக் காத்துக்கிடந்தார். டிசம்பர் 31 அன்று, ஆண்டு முடியச் சில மணி நேரமே இருக்கையில், நீர் அமைதியானது. ஒரு திசையில் ஏறத்தாழ 283 மைல், மறு திசையில் 269, சராசரி 276.33 மைல், அதாவது 444.71 கி.மீ. ஒரே ஆண்டில் இரண்டு சாதனைகளையும் படைத்தவர் இன்றளவும் அவர் ஒருவரே.

1967 ஜனவரி 4 அன்று காலையில் கானிஸ்டனில் நடந்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். கேம்ப்பெல் அங்கே வந்து இரண்டு மாதங்களாகியிருந்தன; மழையும் காற்றும் பழுதுகளுமாக நாட்கள் கழிந்தன. படகுக்கு வயது பன்னிரண்டு. எஞ்சின் மட்டும் புதியது, ஆர்ஃபியஸ் என்ற ஜெட் எஞ்சின். இலக்கு மணிக்கு 300 மைல். முதல் ஓட்டத்தில் 297.6 மைல் கிடைத்தது. இங்கே பென்சிலை எடுத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தம்முடைய பழைய 276.33 என்ற சாதனையை முறியடிக்க மட்டும் வேண்டுமென்றால், திரும்பும் ஓட்டத்தில் 255-ஐச் சற்றே தாண்டினால் போதும். 1956-இல் செய்ததைப்போல விசையைத் தளர்த்திக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் 300 என்ற முழு எண் வேண்டுமென்றால் திரும்பும் வேகம் 302.4-ஐத் தாண்ட வேண்டும். முதல் ஓட்டத்தைவிடத் திரும்பும் ஓட்டம் வேகமாக இருந்தாக வேண்டிய அபூர்வமான நிலை அது.

வழக்கமாக இரண்டு ஓட்டங்களுக்கும் நடுவில் நின்று, எரிபொருள் நிரப்பி, அலைகள் அடங்கிய பிறகு புறப்படுவது அவருடைய முறை. அன்று அவர் நிற்கவில்லை. சில நிமிடங்களிலேயே திருப்பிக்கொண்டு வந்தார். வழியில் வேகம் 320 மைலைத் தாண்டியது. அளந்த கிலோமீட்டரின் முடிவை நெருங்கும்போது அணியம் மேலெழுந்தது. படகு நீரை விட்டு எழும்பி, காற்றில் முழுவதுமாகப் புரண்டு, தலைகுப்புற நீரில் விழுந்து உடைந்தது. கடைசி வினாடிவரை அவர் ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கறுப்புவெள்ளைப் படச்சுருளைச் சிறு வயதில் தொலைக்காட்சியில் பார்த்தபோது, அது ஒரு விபத்து என்பதே எனக்கு முதலில் புரியவில்லை. அவ்வளவு மெதுவாகவும் அழகாகவும் அந்தப் படகு எழுந்தது.

காரணம் எது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. முதல் ஓட்டத்தின் முடிவில் எழுந்த அலைகள் அவர் பாதைக்குத் திரும்பி வந்துவிட்டன என்பது பரவலாகச் சொல்லப்படுவது. எரிபொருள் குறைந்து படகு இலேசாகியிருந்தது, எஞ்சின் உந்துதல் திடீரென நின்றதால் மூக்கை அழுத்திவைத்த விசை போய்விட்டது என்பன வேறு விளக்கங்கள். நின்று எரிபொருள் நிரப்பியிருந்தால் பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. காத்திருப்பதும் பாய்வதும் இரண்டுமே ஏற்றுக்கொள்ளத்தக்க வழிகள். அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். அந்த வேகத்தில் அந்தப் படகுக்கு எந்த வழியிலும் மிச்சம் ஏதும் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. படகின் சிதைவுகளும், பின்னர் அவர் உடலும் 2001-இல்தான் ஏரியின் அடியிலிருந்து மீட்கப்பட்டன. சீரமைக்கப்பட்ட கே7, 2018-இல் ஸ்காட்லாந்தில் மறுபடியும் நீரில் ஓடிக்காட்டியது. 2024 முதல் கானிஸ்டன் ஊரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கேம்ப்பெல்லைத் தம் ஆதர்சமாகக் கொண்டிருந்த ஆஸ்திரேலியர் ஒருவர்தான் இன்றைய சாதனைக்கு உரியவர். கென் வார்பி தம் படகைத் தாமே வடிவமைத்து, சிட்னியில் தம் வீட்டின் கொல்லைப்புறத்தில், மரத்தாலும் ஃபைபர் கிளாஸாலும் தாமே கட்டினார். எஞ்சின், விமானப்படை கழித்துவிட்ட ஜே34 ஜெட் எஞ்சின். ஏலத்தில் மலிவாக எடுத்தது. 'ஸ்பிரிட் ஆஃப் ஆஸ்திரேலியா' என்ற அந்தப் படகில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பிளவரிங் அணைத் தேக்கத்தில், 1977 நவம்பரில் மணிக்கு 464 கி.மீ. ஓடிச் சாதனையைக் கைப்பற்றினார்; 1978 அக்டோபர் 8 அன்று அதை 511.11 கி.மீ. ஆக உயர்த்தினார். ஒரு கிலோமீட்டருக்கு ஏழு வினாடிகளுக்குச் சற்றே கூடுதலான நேரம். போய், திரும்பி, படகிலிருந்து தம் கால்களால் இறங்கி நடந்தார். 2023-இல் 83 வயதில் காலமாகும்வரை அந்தச் சாதனை அவரிடமே இருந்தது. இப்போதும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

அதை முறியடிக்க முயன்றவர்களில் இருவர் உயிரிழந்தார்கள். வார்பிக்கு முன்பு, 1967-இல், மணிக்கு 285.22 மைல் ஓடிச் சாதனை வைத்திருந்த லீ டெய்லர், அதை மீட்டெடுப்பதற்காக 1980 நவம்பரில் அமெரிக்காவின் லேக் டாஹோ ஏரியில் ராக்கெட் படகு ஒன்றை ஓட்டியபோது இறந்தார். 1989-இல் ஃபுளோரிடாவில் கிரெய்க் ஆர்ஃபன்ஸ் இறந்தார். கென் வார்பியின் மகன் டேவிட், தந்தையுடன் சேர்ந்து தொடங்கிய 'ஸ்பிரிட் ஆஃப் ஆஸ்திரேலியா 2' என்ற படகுடன் முயற்சியைத் தொடர்ந்துவருகிறார். தேக்கத்தில் சோதனை ஓட்டங்களைப் படிப்படியாக உயர்த்திச் செல்லும் அவருடைய பொறுமை எனக்குப் பிடித்திருக்கிறது.

திரும்பி வர வேண்டிய கட்டாயமே இல்லாத ஒரு நீர்ச் சாதனையும் உண்டு. பாய்மரப் படகுகளுக்கு 500 மீட்டர் தூரத்தை ஒரே திசையில் ஓடினால் போதும். 2012 நவம்பர் 24 அன்று நமீபியாவின் வால்விஸ் விரிகுடாவில் பால் லார்சன் 'செயில்ராக்கெட் 2' என்ற படகில் 65.45 நாட், அதாவது மணிக்கு 121 கி.மீ. வேகத்தில் ஓடினார். அந்தப் படகின் வடிவமே ஒருபக்கமாக அமைந்தது. காற்று ஒரு பக்கத்திலிருந்து வீசினால் மட்டுமே அதனால் ஓட முடியும். ஓட்டம் முடிந்ததும் அதைக் கயிறு கட்டித்தான் புறப்பட்ட இடத்துக்கு இழுத்து வர வேண்டும். வெறும் காற்றைக்கொண்டு அந்த வேகத்தை எட்டியது மாபெரும் சாதனை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் இழுத்து வரப்படும் அந்தப் படகை நினைக்கும்போதெல்லாம், நண்பரிடம் இப்படி ஒரு விதி நமக்கும் இருந்திருக்கலாம் என்று சொல்லத் தோன்றும்.

இவற்றையெல்லாம் படித்து முடித்த பிறகு, சென்ற ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மறுபடியும் அதே ஏரிக்குப் போனோம். காற்று முந்தைய முறையைவிடக் குறைவு. நீரின்மேல் மெல்லிய சிற்றலை மட்டும் இருந்தது. போகும்போது 52 கிடைத்தது. இந்த முறை முடிவில் சட்டென்று வளைக்காமல், வேகத்தை மெதுவாகத் தணித்து, பாதையைவிட்டு வெகுதூரம் தள்ளிப்போய் எஞ்சினை அணைத்தோம். அலைகள் கரைக்குப் போய்த் திரும்பி வந்ததை உட்கார்ந்து பார்த்தோம். படகைத் தாலாட்டிவிட்டு மறுபக்கம் போயின. மறுபடியும், இன்னும் சிறியனவாக வந்தன. நாற்பதாவது நிமிடத்தில் நண்பர் பொறுமையிழந்தார். நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் புறப்பட்டோம். திரும்பும் ஓட்டம் 49. சராசரி 50.5.

பெட்ரோல் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது, காற்றும் நின்றுவிட்டது, இன்னொரு முறை போய்ப் பார்க்கலாமே என்றார் நண்பர். நான் செக்ரேவின் மூன்றாவது ஓட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே படகைக் கரைக்கு ஓட்டினேன்.